ஏற்றத் தடத்தில் ஒரு கயிறு

1

இந்தக் கதை எனக்குப் படிக்கட்டில் கிடைத்தது. எங்கள் மேல்மாடியில் குடியிருப்பவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். ஓய்வு கிடைத்தால் மலைத்தடத்தில் சைக்கிள் ஓட்டுபவள். நேற்று இரவு எட்டு மணி இருக்கும். சேறு படிந்த சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு ஏறி வந்தாள். "என்ன, முகமே சரியில்லையே?" என்றேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.

எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. ஆனா யாரையும் நல்லவனாக்காதீங்க" என்றாள்.

2

முதல் தொடக்கம்: "விடியலில் அந்த மலை மௌனமாக—"

(அடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடியலில் அங்கே இருபது பேர் மூச்சிரைத்துக்கொண்டு மிதிப்பார்கள். மௌனம் என் சோம்பேறித்தனம்.)

இரண்டாம் தொடக்கம்: அந்த மலையில் ஏற ஒரு தடம், இறங்க ஒரு தடம். அவற்றை மண்வெட்டி பிடித்து வெட்டியவர்களில் அவளும் அவள் தம்பியும் உண்டு. தம்பிதான் சைக்கிள் குழுவின் தலைவன். வீடுகளுக்கு ஒயரிங் செய்வது அவன் தொழில். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுப்பவனுக்கு, சைக்கிளில் கரண்ட் என்றால் மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

"மூச்சு முட்ட ஏறினவனுக்குத்தான் இறக்கம்" என்பான். "மோட்டார் வச்சு ஏறுறவன் பஸ்ஸுல போகட்டுமே!"

அக்காவும் அவன் பக்கம்தான். பேட்டரி சைக்கிள்கள் வளைவுகளில் மண்ணைக் கிளறிவிடுகின்றன. ஏற்றத்தில் பின்னாலிருந்து பாய்ந்து வருகின்றன. மோட்டார் சத்தம் கேட்டால் காட்டிலாகா கேட்டைப் பூட்டிவிடும். அவற்றைத் தடுப்பதா வேண்டாமா என்று நேற்று மாலை குழுவில் வாக்கெடுப்பு. போன வாரம் தம்பி சொன்னானாம்: "குறுக்க ஒரு கயிறு கட்டினா போதும், தன்னால இறங்கித் தள்ளுவாங்க." எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான்.

3

இனி வரப்போகிறவனைப் பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது. நேற்றுக் காலை தோளைப் பிடித்துக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குள் வந்த பேட்டரி சைக்கிள்காரன். அவனுக்கு ஓர் இதய நோய் கொடுக்கலாம் என்று நினைத்தேன். மோட்டார் இல்லாமல் மலையேற முடியாத பாவப்பட்ட மனிதன் என்றால் நீங்கள் உடனே அவன் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.

"ஒரு நோயும் கிடையாது" என்றாள் அவள். "கல்லு மாதிரி இருக்கான். ஏத்தத்துல போன் பேசிக்கிட்டே எங்களத் தாண்டிப் போவான், 'என்ன, மூச்சு வாங்குதா?'ன்னு கேப்பான். திமிர் பிடிச்சவன். அதுக்காகக் கழுத்து அறுபடணுமா?"

ஆகவே அவன் திமிர் பிடித்தவனாகவே இருக்கட்டும்.

4

அவன் மேல்நெஞ்சில் குறுக்கே ஒரு சிவந்த கோடு. தோளை ஒட்டிய எலும்பு முறிந்திருந்தது.

"எப்படி ஆச்சு?"

"கயிறு. ரெண்டு மரத்துக்கு நடுவுல எவனோ கட்டியிருக்கான். கொஞ்சம் குனிஞ்சு ஓட்டியிருந்தா கழுத்துதான்."

"அவுத்துட்டீங்களா?"

"எந்தக் கையால அவுக்கிறது? அப்படியேதான் இருக்கு."

"மூச்சைப் பிடிங்க" என்று சொல்லி, படமெடுத்து, வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

"கயிறு கட்டினது நீயா?"

அவன் மறுக்கவில்லை.

"ஏத்தத் தடத்துலதான்க்கா கட்டினேன். மிதிச்சு வர்றவன் மெதுவா வருவான், பாத்துட்டு நின்னுடுவான். மோட்டார்காரன் மட்டும்தான்—"

"இறக்கத் தடத்துல மரம் விழுந்து கிடக்கு. இன்னிக்கு எல்லாரும் ஏத்தத் தடத்துலதான் இறங்குறாங்க."

"யார் சொன்னது?"

"என் பொண்ணு சொன்னா. மேலதான் இருக்கா."

(மகள் தோழியின் ஜீப்பில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு உச்சிக்குப் போயிருந்தாள். ஜீப்புக்கும் மோட்டார் உண்டு. அதைப் பற்றி மாமன் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.)

அடுத்து மகளுக்குப் போன் போட்டாள். அவள் எடுக்கவில்லை.

5

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதினேன். ஒன்றில் மகள் கயிற்றில் மாட்டிக்கொண்டாள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

கூட வேலை செய்பவளிடம் அறையை ஒப்படைத்துவிட்டு, சீருடையோடு சைக்கிளில் கிளம்பினாள். மருத்துவமனைக்குப் பின்னாலேயே மலை தொடங்கிவிடுகிறது. அவ்வளவு வேகமாக அவள் அந்த ஏற்றத்தை மிதித்ததில்லை. "அப்ப ஒரு மோட்டார் இருந்திருந்தா—" என்று தொடங்கியவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

நைலான் கயிறு, பச்சை நிறம். இலைகளுக்கு நடுவே கண்ணுக்கே தெரியவில்லை. முடிச்சு இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. அப்போது மேலிருந்து சக்கரம் கிர்ரென்று சுழலும் சத்தம். மிதிக்காமல், முழு வேகத்தில் யாரோ இறங்குகிறார்கள்.

கயிற்றுக்கு அடியில் புகுந்து மேலே ஓடி, தடத்தின் நடுவே கை விரித்து நின்றாள்.

மகள் பிரேக்கை அழுத்தினாள். சைக்கிள் சறுக்கி அம்மாவையும் சேர்த்துத் தள்ளியது. இருவரும் சேற்றில் உருண்டார்கள்.

"அம்மா! பைத்தியமா உனக்கு?"

எழுந்த பிறகுதான் மகள் கயிற்றைப் பார்த்தாள். கையால் தொட்டாள். அது அவள் தொண்டை உயரத்தில் இருந்தது.

தம்பி கட்டிங் பிளேயரோடு மூச்சிரைக்க ஓடி வந்து கயிற்றை வெட்டினான்.

"யாரு மாமா இதைக் கட்டினது?"

அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "தெரியலம்மா."

6

மாலைக் கூட்டத்துக்குத் தோளில் கட்டோடு அந்த அடிபட்டவனும் வந்துவிட்டான். நேராக முன்னால் வந்து, "கட்டினவன் இங்கதான் இருக்கான். யாருன்னு சொல்லுங்க, இல்லன்னா போலீஸ் கேக்கும்" என்றான். தலைவர் நாற்காலியில் தம்பி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்தாள். "உங்க வண்டிக்கு எதிராத்தான் நான் கை தூக்குவேன். அது வேற விஷயம்" என்றாள். "கயிறு கட்டினது—"

இதை அவள் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது கீழே செருப்புச் சத்தம் கேட்டது. தம்பி ஏறி வந்து, எங்களுக்கு இரண்டு படி கீழே நின்றான். அவள் பேச்சை நிறுத்தினாள்.

நான் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அவள் பெயரைச் சொல்லிவிட்டாள். தம்பி போலீஸ் வருவதற்குள் மருமகளைப் பார்க்க வந்திருக்கிறான். மற்றொன்றில் அவள் "எனக்குத் தெரியாது" என்று உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பொய்யைத் தாங்க முடியாமல் வந்திருக்கிறான். இரண்டுக்கும் அவன் முகம் பொருந்துகிறது. எதையும் என்னால் அடிக்க முடியவில்லை.

"அவ முழிச்சிருக்காளாக்கா?" என்றான். "நானே சொல்லிடறேன்."

அவள் அவனுக்கு வழி விடவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மேலே கதவு திறந்தது. "அம்மா, யாரு? மாமாவா?" என்று மகள் குரல் கேட்டது.

நான் என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை. நீங்கள் வேண்டுமானால் படியில் நில்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.