மூலையில் குந்திய கேள்விக்குறி

கண்டக்குழி நண்டுக் கம்பெனிக்கு விடிந்ததிலிருந்து கூடைகள் வந்துகொண்டிருந்தன. முஃபீதா இடக்கையால் கூடையைத் தராசில் ஏற்றினாள். வலக்கைப் பெருவிரல் பக்கத்துத் திரையின் கீழ் மூலைக்குத் தானாகவே போனது. கண் கூடையில்தான் இருந்தது. போன கிழமை வரைக்கும் அந்த மூலையில் 'பெரிய நண்டு' என்ற பட்டன் இருந்தது. இப்போது அங்கே சிரித்த முகத்தோடு ஒரு கேள்விக்குறி குந்திக்கொண்டிருந்தது.

விரல் பட்டதும் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி விரிந்தது. 'வணக்கம். நண்டை நிறுப்பதற்கு, முதலில் நண்டைத் தராசில் வைக்கவும்.'

"வெச்சிட்டுத்தான் நிக்கிறன். கண்ணில்லையா ஒனக்கு," என்றாள் முஃபீதா.

ஐஸ் மேசையில் நண்டு கழுவிக்கொண்டிருந்த ஜுனைதா, "நல்ல வேள சொல்லிச்சி ராத்தா. இல்லாட்டி மடியில வெச்சி நிறுத்தீப்பீங்க," என்றாள். மேசையே சிரித்தது. முஃபீதாவுக்கும் சிரிப்பு வந்தது. பெட்டியை மூடும் பட்டனைத் தேடியதில் அது பாதியில் நின்றது.

அந்தத் தராசுக் கதிரை அவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை. ஐஸ் தண்ணீரிலும் நண்டு முள்ளிலும் விரலிடுக்குகள் வெடித்துச் சீழ் வைத்து, புத்தளம் ஆஸ்பத்திரி டொக்டர் இனித் தண்ணீரில் கை வைக்கக்கூடாது என்ற பிறகு கிடைத்தது. அப்போது திரையை அவரவர் விருப்பத்துக்கு அடுக்கலாம். குசினி அலுமாரியை அடுக்குவதுபோல முஃபீதா அடுக்கினாள். வேண்டியது கைக்கெட்ட, வேண்டாதது மேலே. நியாயத்தைச் சொன்னால், வேறொருத்தி வந்தால் அந்த அலுமாரியில் உப்பைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. மகளுக்குக் காய்ச்சலென்று அவள் வராத அன்று ஜுனைதா தராசுக் கதிரையில் உட்கார்ந்து, ஒரு லொறிப் பெரிய நண்டைச் சின்ன நண்டாக்கி அனுப்பிவிட்டாள். அதன் பிறகுதான் கொழும்பிலிருந்து திரையைப் பூட்டினார்கள். எல்லாருக்கும் ஒரே அடுக்கு. தடுமாறுகிறவர்களுக்கு மூலையில் உதவி.

மத்தியானம் தலைமை அலுவலகத்து அக்மல், வெள்ளைச் சப்பாத்து நனையாமல் ஈரத்தைத் தாண்டித் தாண்டி வந்தான்.

"ராத்தா, எல்லாக் கிளையிலயும் ஆகக் கூட உதவி கேட்ட ஆள் நீங்கதான்."

"நான் எங்க தம்பி கேட்ட? கை பழக்கத்துல போற எடத்துல அது வந்து குந்திட்டு ஈக்கு."

"சிஸ்டத்துல அப்பிடி விழல்லயே. வேல வெளங்காத ஆள் எண்டுதான் விழுந்தீக்கு. நீங்க சாப்பிடப் போற நேரம் இதப் பாக்குற ஜுனைதா ஒருக்காச்சும் கேட்டில்ல."

"அவட கைக்கு அந்த மூல பழக்கமில்ல. அத வேற பக்கம் மாத்துங்க."

"மாத்த ஏலாது. ஆளாளுக்கு மாத்தினதாலதானே பூட்டின."

"அப்ப மூடியாச்சும் உடுங்க."

"உதவிய எப்பிடி ராத்தா மூடுற? உங்கட நன்மைக்குத்தானே வெச்சீக்கு."

அவன் மனதார அப்படித்தான் நம்பினான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. தராசைத் தூக்கி அந்த வெள்ளைச் சப்பாத்தில் போட வேண்டும் போலிருந்தது. தராசு கனம், பிழைத்தான்.

"வெளங்காதவங்களுக்குப் பயிற்சி ஈக்கு. அது முடியுற வரைக்கும் நீங்க ஐஸ் மேசைக்குப் போங்க. ஜுனைதா இதப் பாக்கட்டும்."

ஜுனைதா நிமிர்ந்தாள். "சேர், ராத்தாட கை புண் சேர்."

"பயிற்சி எங்க தாற?" என்று கேட்டாள் முஃபீதா.

"இந்தத் திரையிலதான். உதவிக்குள்ள எல்லாம் ஈக்கு."

"இந்தத் திரையிட்ட இருந்துதானே என்னய எழுப்புறீங்க."

அக்மல் போனைப் பார்த்தான். "அதுக்கு ஒரு வழி பாப்பம்."

எழும்புமுன் அவள் தன் பெயரைத் திரையிலிருந்து எடுக்க வேண்டும். எடுக்கப் போனாள். 'எமது உதவி உங்களுக்குப் பயன்பட்டதா?' என்று கேட்டது. கீழே இரண்டு பட்டன்கள். 'ஆம், மிகவும்.' 'ஆம், ஓரளவு.' முஃபீதா மேலும் கீழும் தேடினாள். மூன்றாவது இல்லை.

"எதையாச்சும் அமத்துங்க ராத்தா. நண்டுக் கூட சேருது," என்றாள் ஜுனைதா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

முஃபீதா அமத்தினாள். சிரித்த முகம் நன்றி சொன்னது. ஐஸ் மேசையில் ஜுனைதா கழற்றி வைத்த கையுறைக்குள் ஒவ்வொரு விரலாக நுழைத்தாள். பெருவிரலில் நண்டு முள் குத்திய ஓட்டை இருந்தது. தண்ணீர் உடனே உள்ளே வந்தது.