ஆறாத கஞ்சிச் சட்டி

“நைனா, இந்தச் சட்டி ஏன் ஆறவே மாட்டேங்குது?” என்று நகரியில் ஐந்து வயது தாட்சாயணி கேட்டாள். வாந்திபேதி வந்த வருஷம் அது. அம்மா அதில் போய்விட்டாள். தாட்சாயணியும் அப்பா கன்னையாவும் எழ முடியாமல் கிடந்தார்கள். ஒருவரும் எட்டிப் பார்க்காத அந்த வாசற்படியில் யாரோ கஞ்சிச் சட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். “வெச்சவங்களைத்தான் கேக்கணும். நீ துன்னு,” என்றார் கன்னையா. கஞ்சி தீர்ந்தது, சட்டி ஆறவில்லை. கன்னையா காலமான பிறகும் அப்படியே சுட்டது. மார்கழிக் குளிரில் தெருப் பெண்கள் பால் செம்புகளை அதன் பக்கத்தில் வைத்துத் தயிர் தோய்த்துக்கொண்டார்கள்.

தாட்சாயணி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆனாள். ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று அதிகாரிகள் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லைக்கோடு ஆட்களைப் பிரித்துப் போடுவதற்குள், பேதியில் பிழைத்தவர்களின் பேச்சைப் பிடித்து வைக்க அவள் சித்தூர் வக்கீல் ஒருவரிடம் ஒலிப்பதிவுப் பெட்டியை இரவல் வாங்கினாள். சட்டி வைத்தவரைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஆசையும் உள்ளே இருந்தது. கரண்ட் இருந்த இடம் ரைஸ் மில் ஒன்றுதான். அரவை நிற்கும் மத்தியானங்களில் தவிட்டு மூட்டைகள் மேல் உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் தொண்டைக்காக அந்தச் சட்டியிலேயே சுக்குத் தண்ணீர் கொண்டுபோனாள்.

“ஏம்மா, இந்தப் பெட்டி போலீசாண்ட போய் சொல்லிடாதே?” என்று சிரித்த கிழவர் ரங்கையா, தம்பியைப் புதைத்த கதையைப் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் சொல்லி அழுதார். பெட்டி இரண்டையும் எடுத்துக்கொண்டது.

கடைசியாக வந்தவள் அடுத்த தெருவில் தனியாக இருந்த செல்லியம்மா. மில்லில் அப்போது வேறு யாருமில்லை. பேதி வருஷம் எங்கள் வாசலில் சட்டி வைத்தது யார் என்று தாட்சாயணி கேட்டாள்.

“உங்க தெருப் பக்கமே நா வரல கண்ணு. திருச்சானூர் தாயார் மேல சத்தியம்!”

சட்டி தளதளவென்று கொதித்து மூடியைத் தூக்கி அடித்தது.

“பொங்குது பாரு, மூடிய நகத்து,” என்று செல்லியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பொய்யைத் தாயார் குற்றமாக எடுத்திருக்க மாட்டாள்.

தாட்சாயணி மூடியை நகர்த்தினாள், மேலே கேட்கவில்லை. சொல்லாமல் செய்த தருமத்தை வாயைக் கிளறி வாங்குவது திருட்டு என்று அவளுக்குத் தோன்றியது.

ஆடி ஜாத்திரைக்கு ஊரே அம்மன் கோயிலில் இருந்தது. செல்லியம்மா மட்டும் காய்ச்சலில் படுத்திருந்தாள். தாட்சாயணி நொய்க்கஞ்சி காய்ச்சி, உப்புப் போட்டு, அந்தச் சட்டியில் ஊற்றி அவள் வாசற்படியில் வைத்தாள். கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சந்து திரும்பினாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

அந்த மார்கழியில் பெண்கள் பால் செம்புகளைச் செல்லியம்மா வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். தாட்சாயணியும் தன் செம்போடு போனாள்.