காற்றைப் பார்த்துத் திரும்பும் படகு

அண்ணனைத் தனியாகப் படகில் விடுவதற்கு அண்ணி தங்கையிடம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "அந்த மிதவை வரைக்கும் போயிட்டு வாங்க. நீ கூட உக்காந்துக்க. ஆனா எதையும் தொடக் கூடாது. தொட்டேன்னா படகை வித்துடணும்."

அண்ணி ஒன்றும் கொடுமைக்காரி இல்லை. பக்கவாதம் வந்து இடது கை விளங்காமல் போன கணவனை எட்டு மாதமாகக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டவள். அந்தக் கண்ணுக்குள் அண்ணனுக்கு மூச்சு முட்டியது, அவ்வளவுதான். குளியலறைக் கதவைத் தாழ் போடக்கூட அவனுக்கு அனுமதி கிடையாது. "ஒரு மணி நேரம் தனியா இருக்கணும்டி, அது போதும்" என்று ஒருநாள் தங்கையிடம் சொன்னான். படகு வடிவமைப்பதே பிழைப்பாக இருக்கிறவளிடம் இதைச் சொன்னால் சும்மா இருப்பாளா? அன்றைக்கே வரைபலகை முன் உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு மீட்டர் நீளத்தில், கரையோரமாகப் போய்வர ஒரு பாய்ப்படகு. இரண்டு பேர் கால்நீட்டிப் படுக்கச் சின்ன அறை, கவிழாமல் இருக்க அடியில் ஈயம், எல்லாக் கயிறும் வலது கைக்கு எட்டுகிற மாதிரி. இதுவரைக்கும் யாரும் செய்வார்கள். பாய்மரத்தை ஒரு சாண் பின்னால் தள்ளி வைத்தாளே, அதற்குத்தான் படகு கட்டிய மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

"சுக்கான் இழுக்கும்மா. கையை விட்டா படகு காத்தைப் பாத்துத் திரும்பிடும்."

"திரும்பட்டும் மேஸ்திரி. திரும்பி நிக்கட்டும்."

அண்ணன் மயங்கி விழுந்தால் படகு அவனைத் தூக்கிக்கொண்டு கடலோடு போய்விடக் கூடாது; காற்றுக்கு நேராகத் திரும்பி, பாய் படபடக்க, அங்கேயே நிற்க வேண்டும். காரணத்தை அண்ணனிடம் அவள் சொல்லவில்லை. நீ விழுவாய் என்று எந்த வாயால் சொல்வது?

மிதவைக்குப் பாதி தூரம் போனபோது காற்று வலுத்தது. படகு நன்றாகவே சாய்ந்தது. சுக்கான்பிடி அண்ணனின் கையைப் பிடுங்கி எடுத்தது. பெரிய பாயைச் சுருக்கிக் கட்டினால் இழுப்பு குறைந்துவிடும். ஆனால் சுருக்க ஒரு கை, பிடிக்க ஒரு கை வேண்டும். அவனிடம் இருந்ததோ ஒன்றுதான். அங்குலம் அங்குலமாகக் கணக்குப் போட்டவள் இதைக் கோட்டை விட்டிருந்தாள்.

"அண்ணா, பிடியை மட்டும் நான்..."

"கையை மடியில வை."

சொல்லிவிட்டு அவன் பிடியை விட்டான். படகு தானாகவே மூக்கைத் திருப்பி, காற்றைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. அண்ணன் சாவகாசமாகப் பாயைப் பாதி இறக்கினான், கயிற்றை இழுத்தான், முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டான். பிறகு முன்னால் இருந்த சின்னப் பாயை எதிர்ப்பக்கம் இழுத்துப் படகைத் திருப்பி, மறுபடி பிடியில் கை வைத்தான். இப்போது இரண்டு விரலே போதுமாக இருந்தது.

"எனக்கு இன்னொரு கை வேணும்னுதான் இப்படி வெச்சியா?"

பெருமையாக ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு மனசு வரவில்லை. "இல்லண்ணா. நீ விழுந்துட்டா நிக்கட்டும்னு வெச்சேன்."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். "விழுறப்ப பாத்துக்கலாம்."

மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்பினார்கள். படகுத்துறையில் அண்ணி கயிற்றை வாங்கிக் கட்டினாள்.

"நடுவுல நின்னுச்சே. நீ தொட்டியா?"

"இல்ல அண்ணி. அண்ணன்தான் நிறுத்துச்சு."

தங்கை இறங்கினாள். அண்ணன் இறங்கவில்லை. பிடியில் கையை வைத்தபடி மனைவியைப் பார்த்தான். அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்குப் பயம், அது போகவும் இல்லை. ஆனாலும் குனிந்து, தான் கட்டிய கயிற்றைத் தானே அவிழ்த்துப் படகுக்குள் போட்டாள்.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்று தங்கையின் கையைப் பிடித்தாள். "நாம இங்க நின்னா அவரு திரும்பித் திரும்பிப் பாப்பாரு."