கழற்றி எடுத்த மனு

1

அந்தச் சனிக்கிழமை மழை பெய்தது என்றுதான் ஏழு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோயில் படிகள் நனைந்திருந்தன. என் செருப்பு வழுக்கியது. என் தங்கை பாவனா சட்டென்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். போன வாரம் என் கணவர் லலித்திடம் கேட்டேன்.

"மழையா? வானம் கழுவி வெச்ச மாதிரி இருந்துச்சு. கண்ணு கூசுதுன்னு என் கறுப்புக் கண்ணாடியப் புடுங்கிப் போட்டுக்கிட்டியே" என்றார்.

(நான் இருபத்தாறு வருஷம் வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்தவள். சிரிக்கலாம்.)

மழை இல்லையென்றால் படிகள் நனைந்திருக்காது. படிகள் நனையவில்லையென்றால் பாவனா என்னைப் பிடித்திருக்க மாட்டாள். அதையும் எடுத்துவிட்டால் இந்தக் கதையில் அவளுக்காகப் பேச ஒரு வரிகூட மிஞ்சாது. அதனால் மழையை வைத்துக்கொள்கிறேன்.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பொறாமையிலிருந்து வந்தது. பாசம், ஏக்கம் என்று வேறு பெயர்களை ஒட்டிப் பார்த்தேன். காய்ந்ததும் உரிந்து விழுந்துவிட்டன.

2

முதல் தொடக்கம்: "மே மாதக் கடைசியில் ராம்கட் மலையில் பீச் பழங்கள் பழுக்கத் தொடங்கும்." அடித்துவிட்டேன். பழம் தானாகப் பழுத்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது: "என் தங்கை அழகி." அடித்தேன். அவள் அழகியில்லை. அழகியாக இருந்திருந்தால் எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

மூன்றாவது: "பாவனாவைப் பார்த்ததும் என் மகள் சிரிக்கும் அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும்"

இதை முடிக்க வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

நேராகவே சொல்கிறேன். என் மகள் கரிமாவுக்கு நாலு வயதாக இருந்தபோது என்னைப் பித்தோராகட்டுக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷம். தில்லியில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள பாவனா வந்தாள். நான் திரும்பி வந்தபோது கரிமாவுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. இந்தி எழுத்துகளின் மேல் தலைக்கோடு போடாமல் எழுதினாள், பாவனாவைப் போலவே. தூக்கத்தில் "கைஞ்சா" என்று கூப்பிட்டாள். எங்கள் குமாவூன் பக்கம் சித்தியை அப்படித்தான் அழைப்போம். பிறகு பாவனா வேலை கிடைத்துப் புனேவுக்குப் போய்விட்டாள். ஆனால் அந்தக் கூப்பிடல் வீட்டிலேயே இருந்தது.

கோயிலுக்குப் போன அந்த வருஷம் கரிமாவுக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். தில்லியில் ஒரு கல்லூரியில் இடம், புனேயில் ஒரு கல்லூரியில் இடம். திங்கட்கிழமைக்குள் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும். புனே என்றால் பாவனாவின் வீட்டில் தங்கிப் படிப்பாள். "மலைக்குப் போய் நிதானமா யோசிச்சு ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றாள். பாவனா விமானத்தில் வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள். லலித்தின் நண்பர் ஒருவரின் குடில் ராம்கட்டில் காலியாக இருந்தது.

காத்கோதாம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் கரிமாவுக்குக் குமட்டும். என் பையில் எப்போதும் எலுமிச்சை இருக்கும். வெட்டி நீட்டினேன். அவள் கண்ணை மூடியபடியே கையைப் பாவனாவின் பக்கம் நீட்டினாள். பாவனா அவள் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள்.

"இப்ப எப்படி இருக்கு, செலி?" பெண் பிள்ளையை எங்கள் பக்கம் அப்படிக் கூப்பிடுவோம்.

"விடாத கைஞ்சா. பவாலி வர்ற வரைக்கும் விடாத."

எலுமிச்சை என் கையிலேயே இருந்தது. கடைசியில் நானே சப்பினேன்.

3

சனிக்கிழமை கோடாகால் கோயில். கோலு சாமி நியாயம் வழங்குகிறவர். குறையை வாயால் சொன்னால் போதாது, காகிதத்தில் எழுதிக் கட்ட வேண்டும். கூரையிலும் கம்பியிலும் தூணிலும் மணிகள். மணிகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான மனுக்கள், எல்லாம் திறந்தே தொங்கும். நடக்கும்போது கண்ணில் படும்: நிலம், மாமனார், வேலை, பிள்ளை. அடுத்தவர் மனுவை நாங்கள் நின்று படிப்பதில்லை. கையால் தொடுவது நினைத்தே பார்க்க முடியாதது. எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள். எடுத்துவிட்டால் அந்த வழக்கே இல்லாமல் போய்விடும்.

லலித் கோடு போட்ட காகிதங்களை ஆளுக்கொன்று நீட்டினார்.

"எழுதுங்க, எழுதுங்க. பிழை இருந்தாப் பரவாயில்ல, அவரு திருத்திப் படிச்சுப்பாரு."

"பீனா, நீங்க என்ன எழுதினீங்க?" என்றாள் பாவனா. அக்காள் எங்களுக்குத் தீதி, அக்காள் கணவர் பீனா.

"புரமோஷன் ஃபைல். நம்பர், தேதி எல்லாம் போட்டிருக்கேன். சாமிகிட்ட வெள்ளக் குதிரை இருக்கு, சரி. ஃபைல் நம்பர் இல்லன்னா குதிரை எந்த செக்‌ஷனுக்குப் போகும்?"

கரிமா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் எழுதல. மனசுக்குள்ளயே சொல்லிட்டேன்."

"மனசுல சொன்னா கேஸ் நிக்காது, செலி" என்றார் லலித்.

"நிக்கலன்னா ஓடட்டும்" என்றாள் கரிமா. பாவனா சிரித்தாள். அவர்கள் இருவரும் சிரித்தார்கள்.

நான் எழுதியது ஒரே வரி: "என் மகள் என்னோடு இருக்கட்டும்." நான்காக மடித்துத் தாழ்வாக ஒரு மூலையில் கட்டினேன். பாவனா ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். எழுதும்போது இடதுகையால் மறைத்துக்கொண்டாள். எட்டி ஒரு பெரிய மணிக்குப் பக்கத்தில் கட்டினாள்.

அவர்கள் டீக்கடைக்கு இறங்கினார்கள். சால்வையை விட்டுவிட்டேன் என்று சொல்லி நான் மட்டும் திரும்பினேன். சால்வை என் தோளிலேயே இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. (இந்த வரியை முதல் வரைவில் எழுதவில்லை.)

காற்றில் அவள் காகிதம் திரும்பியது. தலைக்கோடு இல்லாத எழுத்துகள். இரண்டு இடம் கண்ணில் பட்டது: "கரிமா." "என் வீட்டில்." அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. என் மகளைத் தன் வீட்டுக்குக் கேட்கிறாள், சாமியிடமே கேட்கிறாள். நூலை அவிழ்த்தேன், முடிச்சு இளகவில்லை. பல்லால் கடித்தேன்.

4

இங்கே நிறுத்திவிட்டு ஒரு மாதம் சும்மா இருந்தேன். இந்தப் பெண்ணை, நூலைக் கடிக்கிறவளை, எனக்குப் பிடிக்கவில்லை. பாவனாவின் மூக்கைக் கொஞ்சம் நீளமாக்கினால், குரலைக் கொஞ்சம் குழைவாக்கினால், வாசகர் என் பக்கம் வந்துவிடுவார் என்று தோன்றியது. செய்தும் பார்த்தேன். மறுநாள் படித்தபோது அந்த மூக்கு என்னுடையதாக இருந்தது.

குடிலின் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு படித்தேன்.

"நியாயம் செய்பவரே. நான் பாவனா, வயது நாற்பத்தொன்று. கரிமா என் வீட்டில் வந்து தங்க ஆசைப்படுகிறாள். அவளிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஜூலையில் மிலிந்த் என்னோடு வந்து இருக்கப்போகிறார். இவ்வளவு நாள் தள்ளிப்போட்டுவிட்டோம், இதற்கு மேல் அவர் காத்திருக்க மாட்டார். கரிமா தானாகவே தில்லியில் இருந்துகொள்ளும்படி செய்யுங்கள். அவள் மனசு நோகக் கூடாது. தீதிக்கு எதுவும் தெரியக் கூடாது."

ஒரே கோயிலில், ஒரே நாளில், நாங்கள் இருவரும் ஒரே வழக்கை ஒரே பக்கம் நின்று போட்டிருக்கிறோம். நான் என் கட்சிக்காரியின் காகிதத்தைக் கடித்து எடுத்து வந்திருக்கிறேன்.

நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்கூட. வந்தது வேறு. என் மகள் இத்தனை வருஷம் ஏங்கிய மடி அவளுக்கு ஓர் இடைஞ்சல். எனக்குக் கிடைக்காத ஒன்றை அவள் வேண்டாம் என்கிறாள், அதுவும் எவ்வளவு மரியாதையாக. பிறகு, மிலிந்த். பேரைச் சொல்லிப் பார்த்தேன். என் தங்கைக்கு நான் கேள்விப்படாத ஒரு பெயர் இருந்தது, யாரோ காத்திருக்கும் ஒரு ஜூலை இருந்தது. என்னிடம் வேறு ஒருவருக்கும் தெரியாத எதுவும் இல்லை.

"நிர்மலா, தண்ணி டேங்க் காலியாயிடும்" என்று லலித் கதவைத் தட்டினார்.

5

ஞாயிறு காலை சிகரங்கள் தெரிந்தன. லலித் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். கரிமா, "நேத்து இதுக்கு வேற பேர் சொன்னீங்களே" என்றாள். நான் பீச் மரங்களின் பக்கம் போனேன். பாவனா பின்னாலேயே வந்தாள்.

"தீதி, அவ இன்னைக்குச் சொல்லப்போறா."

"தெரியும்."

"நீ ஒரு வார்த்தை சொன்னா கேப்பா. தில்லியிலயே இருன்னு சொன்னா."

"நான் சொல்லி அவ எப்பக் கேட்டா?"

"இதுல கேப்பா." ஒரு பழத்தைப் பறித்து, பழுக்கவில்லை என்று பார்த்து, கையிலேயே வைத்துக்கொண்டாள். "நீ எதுக்குமே சரின்னு சொன்னதில்லயே தீதி. நான் வாங்கிட்டு வந்த ஃபிராக்குக்குக்கூட."

"அது பச்சைக் கலரு. அவளுக்கு ஒத்து வராது."

"நாலு வயசுப் புள்ளைக்கு என்ன ஒத்து வராது?"

இருவரும் லேசாகச் சிரித்தோம். அப்போது சொன்னேன்: "போகட்டும் பாவனா. உன்கிட்டயே இருக்கட்டும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை ஒன்பது விதமாக எழுதினேன். எல்லாமே மிகையாக இருக்கிறது. அவள் பார்த்தாள்.

"என் வீடு சின்னது தீதி."

"அவளுக்கு நீ இருந்தா போதும்."

"நெஜமாத்தான் சொல்றியா?"

"ஏன், உனக்கு இஷ்டமில்லையா?"

இந்தக் கேள்வியை நான் கேட்டேன். விடை என் பையில் இருந்தது. அவள் "இல்ல" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் காகிதத்தை எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கொடுத்திருப்பேனா, தெரியாது.

"சேச்சே. எனக்கென்ன" என்றாள்.

உருளைக்கிழங்கு வதக்கலும் கேழ்வரகு ரொட்டியும் மேஜைக்கு வந்தபோது கரிமா தொண்டையைச் செருமினாள். "மம்மி, நீ கோவப்பட மாட்டேன்னா..."

"புனேதானே? போயிட்டு வா."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தாள். என்னிடம். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதலில் என்னிடம். கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ ஒத்துக்கவே மாட்டேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். அவள் தலைக்கு மேல் பார்த்தேன். பாவனா ரொட்டியைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றையும் வாயில் வைக்கவில்லை.

6

முடிவுகள் மூன்று எழுதினேன்.

ஒன்று: திரும்பும் வழியில் பவாலியில் வண்டியை நிறுத்தச் சொல்கிறேன், கோயிலுக்கு ஏறி மனுவை இருந்த இடத்தில் கட்டுகிறேன். மூன்று பக்கம் நன்றாகவே வந்தது. ஆனால் நான் நிறுத்தச் சொல்லவில்லை. அந்தத் திருப்பம் வந்தபோது வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு: காகிதத்தைக் கரிமாவிடம் காட்டுகிறேன். அவள் என்னிடமே தங்கிவிடுகிறாள். அப்படித் தங்கிய பெண்ணின் முகத்தை எழுத உட்கார்ந்தேன், எழுத முடிய

மூன்று: பாவனாவுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. இதை நான் தேர்ந்தெடுக்க முடியாது. ஒருவேளை நடந்திருக்கலாம்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். "போகட்டும்" என்றேன். மகளின் சந்தோஷத்துக்காக என் ஆசையை விட்டுக்கொடுத்த தாய் சொன்ன சொல்லாக அதை வாசிக்கலாம். தங்கைக்கு ஒரு ஜூலை வாய்க்கக் கூடாது என்று நினைத்த அக்காள் சொன்னதாகவும் வாசிக்கலாம். சொன்ன வாய் ஒன்றுதான். நான் இரண்டையும் மாற்றி மாற்றி நம்பிப் பார்த்துவிட்டேன். நீங்கள் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம்.

7

கரிமா புனேயில் மூன்று வருஷம் பாவனாவின் வீட்டில் தங்கிப் படித்தாள். இப்போது ஹைதராபாதில் வேலை பார்க்கிறாள். பாவனாவுக்குத் தினமும் போன் செய்கிறாள், எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில். லலித்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது, போன வருஷம் ஓய்வு பெற்றார். மிலிந்த் அந்த ஜூலையில் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து, பழைய சக ஊழியர் ஒருவர் நாக்பூருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டதாகப் பாவனா பேச்சுவாக்கில் சொன்னாள். யார் என்று நான் கேட்கவில்லை. பாவனா அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். இதை அவளுக்கு நான் அனுப்பவில்லை.