கடையிலேயே அரைத்த மென்பொருள்

அக்குறணையில் எனக்கு எதிர்க்கடை மஃரூப் ஹாஜியாருடையது. பிறர் அரைத்த கொச்சிக்காய்த்தூளில், அதாவது மிளகாய்த்தூளில், செங்கல்தூள் இருக்கும் என்று, தானே மெஷின் வைத்து அரைத்து விற்பவர். மருமகன் நுஸ்கி கடைக் கொம்பியூட்டரில் லினக்ஸ் போட்டு, பில் அடிக்கும் மென்பொருளை இறக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத யாரு செஞ்ச?"

"தெரியா மாமா. ரெடியாக் கட்டி வச்ச பக்கேஜ். ஒடனே ஏறிடும்."

"உள்ளுக்கு என்னத்தக் கலந்தீக்கானோ. முழுசா எடுத்து எங்கட கடையில வச்சே அரைங்க மகன்."

நோன்பு வியாபாரத்துக்கு முன் பில் வரவேண்டும். நுஸ்கி மூலநிரலை இறக்கி, அதை மென்பொருளாக்கும் கொம்பைலரிடம் கொடுத்தான். பழைய கொம்பியூட்டர் பெட்டி கொதித்த கொதிப்பில், மழையில் நனைந்த கராம்பை அதன்மேல் பரப்பினோம். அஸர் தொழுகைக்குள் ஒரு மூடை காய்ந்துவிட்டது. நானே முகர்ந்து பார்த்தேன்.

வேலை முடிந்ததும் ஹாஜியார் கேட்டார்: "அரச்ச அந்தக் கொம்பைலர யாரு செஞ்ச?"

நுஸ்கி தலையைச் சொறிந்தான். "அது ரெடியா வந்தது மாமா."

ஹாஜியார் வயரைப் பிடுங்கினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஹாஜியார், ஒங்கட கொச்சிக்கா மெஷின யாரு செஞ்ச?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் போய் மெஷினின் வயரையும் பிடுங்கினார். இந்த நோன்புக்கு அந்தக் கடையில் முழுக் கொச்சிக்காய் மட்டும்தான். பில்லைக் கையால் எழுதுகிறார், ஒவ்வொரு முறையும் பேனையைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு.