காப்பும் கார நூலும்

ஆயுர்வேதம் பகந்தரம் என்றும் ஊரார் பவுத்திரம் என்றும் வழங்கும் அந்நோய், ஆசனவாயின் அருகே புரையோடிச் சீழ் கசியும் தன்மையது. நாகராசு அதனை ஓராண்டுக் காலம் மூலச்சூடு என்று சொல்லி மறைத்தார். பின்னரே அன்னவாசலில் வைத்தியம் பார்க்கும் அமுதவல்லியிடம் சென்றார். கள்ளிப்பாலும் நாயுருவிச் சாம்பலும் மஞ்சளும் ஏற்றிய கார நூலைப் புரையினுள் கோத்து, வாரந்தோறும் புதுநூல் மாற்றினார் அமுதவல்லி. நூல் சிறிது சிறிதாக அறுத்துக்கொண்டே வர, பின்னால் புண் ஆறிக்கொண்டே வந்தது. ஆறு வாரங்களில் எஞ்சியது ஒரு விரற்கடை.

அவ்வேளையில் ஊர்க் கோயில் திருவிழா வந்தது. காப்புக் கட்டியவர் எட்டு நாளும் ஊரெல்லையைத் தாண்டலாகாது. உடலில் கசியும் புண்ணும் இருத்தலாகாது.

“ஒங்க பெரியப்பா மகன் சிவபிரகாஷு கட்டட்டுமே. விட்டுக் குடுங்க,” என்றாள் மனைவி பொன்னுத்தாய்.

“ஏன்னு கேப்பாய்ங்கடி. என்னத்தைச் சொல்லச் சொல்றே?”

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் காப்புக் கட்டும் அவ்வுரிமை பெரியப்பாவிடம் இருந்தது. அவருக்குப் பவுத்திரம் என்றறிந்ததும், “கோயில் நெலத்தைத் தின்ன பாவம் பின்னால ஒழுகுது” என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து உரைத்தவர் நாகராசுவே. கூட்டம் சிரித்தது. காப்பு நாகராசுவிடம் கைமாறியது. பெரியப்பா அதன்பின் வீட்டைவிட்டு வெளியே வராமலும், வைத்தியம் பாராமலும் இறந்தார்.

அமுதவல்லி போனில் மன்றாடினார். “நூலை மட்டும் எடுத்துராதீங்க அய்யா. நானே ஸ்கூட்டியில வந்து மாத்திட்டுப் போறேன்.”

“நீங்க வந்தா ஊரே வாசல்ல நிக்கும். வேணாம்மா.”

காப்புக் கட்டும் நாள் காலையில் நாகராசு குளியலறைக் கதவைத் தாழிட்டு, கத்தரியால் நூலை அறுத்து உருவினார். நூல் போனால் புண்ணும் இல்லையென்றே ஆகும் என்று தம்மை நம்பவைத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் காய்ச்சல் கண்டது. எட்டாம் நாள், பரிவட்டம் பெறச் சன்னதியில் நின்றபோது வேட்டியின் பின்புறம் நனைவதை உணர்ந்தார். பின்னால் நின்றிருந்த சிவபிரகாஷ் ஓரடி முன்வந்து, பிறர் பார்வை படாதவாறு அவர் முதுகை ஒட்டி நின்றான்.

“அசையாம வாங்கிக்கங்கண்ணே. நான் மறைச்சுக்கிறேன்.”

“தம்பி…”

“பேசாதீங்க. ஒங்களுக்காக ஒண்ணுமில்ல. அந்தச் சிரிப்ப இன்னொரு வாட்டி கேக்க என்னால ஆகாது.”

பூசாரி பரிவட்டத்தைச் சுற்றினார். மேளம் உயர்ந்தது. வலி இப்போது இடப்பக்கம், புதியதோர் இடத்தில் குத்தியது. வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அதுவரை சிவபிரகாஷ் விலகாமல் ஒட்டியே நடந்து வர வேண்டும். அதைக் கேட்க நாகராசுவுக்கு வாய் வரவில்லை.