நூற்றெண்பது கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடமா?

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பார் என் வீட்டுக்காரர். அன்று அது தலைக்கே ஏறிவிட்டது. எங்கள் சின்ன விமான நிலையத்தின் ஒரே விமானத்தை அடுத்த மாதத்தோடு நிறுத்தப்போவதாக மேலாளர் சாவகாசமாகச் சொன்னார்.

"பக்கத்து ஊருக்குப் போக அம்பது நிமிஷம் ஆகுதும்மா. நாப்பதுல முடிஞ்சாத்தான் இருட்டுறதுக்குள்ள நாலு தடவை போயிட்டு வரலாம். மூணுக்குத் தலைமை அலுவலகம் ஒத்துக்காது."

அந்தப் பக்கத்து ஊரில்தான் என் வீடு, வீட்டுக்காரரின் சைக்கிள் கடை, மகளின் பள்ளி எல்லாம். எனக்கு வேலை இங்கே, விமானத்தின் பயணத் திட்டம் போடுவது. காலையில் பறந்து வந்து மாலையில் பறந்து திரும்புவேன். மலையைச் சுற்றிப் பேருந்தில் போனால் ஏழு மணி நேரம். விமானம் நின்றால் வேலையை விட வேண்டும், இல்லை வீட்டை விட வேண்டும்.

"வானத்துல நூத்தியெம்பது கிலோமீட்டர்தான் சார். அதுக்கு அம்பது நிமிஷமா?"

"அட்டவணையில அப்படித்தானேம்மா போட்டிருக்கு."

அட்டவணை என்ன, வானத்திலிருந்தா விழுந்தது? ஒரு வாரம் கடிகாரமும் நோட்டுமாக விமானத்தில் உட்கார்ந்தேன். நேராகப் பறந்த நேரம் முப்பத்திரண்டு நிமிடம்தான். மீதியெல்லாம் ஊர்வலம். பக்கத்து ஊர் இருப்பது கிழக்கே. எங்கள் கட்டடம் இருப்பது ஓடுபாதையின் மேற்கு முனையில். விமானம் கிழக்கு முனைவரை ஊர்ந்து போய், திரும்பி நின்று, மேற்கே பார்த்து ஏறி, வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கிழக்கே போனது. வரும்போதும் இதே கூத்து.

விமானியிடம் போய், நேராகக் கிழக்கே பார்த்து ஏறினால் என்ன என்று கேட்டேன். மீசை என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும்.

"கிழக்கால புகைபோக்கி இருக்கேம்மா. அதுக்கு மேல எப்படி ஏறுறது?"

"எங்க இருக்கு? காட்டுங்க."

ஜன்னலுக்கு வந்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். மூடிய ஆலையின் புகைபோக்கியை இடித்து ஒன்பது வருடமாகிறது. காற்று பலமாக இல்லாவிட்டால் இனி எந்தப் பக்கமும் ஏறலாம், இறங்கலாம் என்ற சுற்றறிக்கை எங்கள் அலமாரியிலேயே உறை பிரிக்காமல் கிடந்தது.

சுற்றறிக்கையைக் காட்டியதும், ஒரு நாள் சோதித்துப் பார்க்க மேலாளர் ஒத்துக்கொண்டார். சோதனை நாளன்று, காலையில் வந்த பயணம் சரியாக நாற்பது நிமிடம். மாலையில் போவதுதான் பாக்கி. மேலாளர் தன் கடிகாரத்தோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். காற்றடிக்கும் திசையைக் காட்டும் ஓடுபாதை ஓரத்துத் துணிப்பை அசையாமல் தொங்கியது. விமானம் நின்ற இடத்திலிருந்து கிழக்கே பார்த்து ஓடி ஏறியது. புகைபோக்கி இருந்த இடத்தைத் தாண்டும்போது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இறங்கிக் கதவு திறந்ததும் மேலாளர் மணியை இரண்டு முறை பார்த்தார்.

"முப்பத்தொம்பது."

படியில் நின்றபடியே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். "நாலு தடவை போகலாம் சார். ஆமா சார், நிறுத்த வேண்டாம்." மீசை வெளியே வந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒம்பது வருஷமா இல்லாத ஒண்ணுக்கு ஒதுங்கிப் போயிருக்கேன். ஊர்ல சொல்லிடாதம்மா."

நான் அங்கே நிற்கவில்லை, ஓடினேன். பள்ளி, விமான நிலையத்துக்கு எதிர்த் தெரு. நான் போய்ச் சேரும்போது எப்போதும் வாசல் காலியாக இருக்கும். அன்று நான் போய் நின்ற பிறகுதான் மணி அடித்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்த மகள் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, இன்னிக்கு வேலைக்குப் போகலையா?"

"போனேன்டி," என்று அவளைத் தூக்கிக்கொண்டேன். "நாளைக்கும் போவேன்."